பீர் கிளாஸில் இரண்டு வளையங்கள்

மாலை 7.58. மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வேலையறை வாசலில் வந்து நின்ற மெக்கானிக், "லென்ஸைக் காணோம்" என்றான்.

கேமரா பழுதுபார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. காணாமல் போனது, வாடிக்கையாளர் ஒருவர் நம்பிக் கொடுத்திருந்த பழைய பித்தளை லென்ஸ். எலுமிச்சம்பழ அளவுதான். மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். ஏழு மணிக்கு விருந்தாளிகள் மூவருக்கும் அதைப் பெருமையாகக் காட்டிவிட்டு, வேலையறை விளக்கடியில் வைத்தவன் அவனேதான்.

மூவரில் ஒருவன் நுரை. பீர் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. பதினாறு வருடமாக நுரையையே முறைத்துக்கொண்டிருப்பவனுக்கு நண்பர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? இன்னொருத்தி அவன் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்றாவது போட்டோகிராபர், மெக்கானிக்குக்கும் நுரைக்கும் பள்ளிக்காலத்துக் கூட்டாளி. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று என்று வந்ததும் அலுத்துக்கொண்டவன்.

அன்றைய விருந்தே நுரைக்கு ஒயின் பழக்கிவிடத்தான். 7.20க்கு அவன் வழக்கம்போல் பீரை ஊற்றி இரண்டு மடக்குக் குடித்திருந்தான். மெக்கானிக் அதைத் தள்ளிவைத்து ஒயினை நீட்டினான். பீரை வீணாக்குவானேன் என்று போட்டோகிராபர் அந்தக் கிளாஸோடு பால்கனிக்குக் காற்று வாங்கப் போனான். முதல் வாய் ஒயினில் நுரையின் முகம் அஷ்டகோணலானது. மெக்கானிக் விடுவானா? முகர்ந்து பார், நாக்கில் வைத்திரு, அவசரப்படாதே என்று பாடம் நடத்தினான். மூன்றாவது வாயில் ஏதோ பிடிபட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நுரைக்கு மனம் வரவில்லை.

7.40க்கு டீச்சர் தன் அம்மாவோடு போனில் பேச வேலையறைக்குள் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். 7.55க்குப் போட்டோகிராபர் காலிக் கிளாஸோடு வந்து உட்கார்ந்தான்.

"நான் பால்கனியை விட்டு அசையல. உள்ள போனது டீச்சர் மட்டும்தானே?" என்றான் போட்டோகிராபர், வருத்தப்படுகிறவன் மாதிரி.

பால்கனியிலிருந்தும் வேலையறைக்கு ஒரு கதவு உண்டு. கீழே இறங்க இரும்புப் படியும் உண்டு. ஆனால் முப்பது வருடக் கூட்டாளியைச் சந்தேகிக்க மெக்கானிக்குக்குக் கஷ்டமாக இருந்தது. கூட்டாளியின் மனைவியைச் சந்தேகிக்க அவ்வளவு கஷ்டமாக இல்லை போலும். அவன் கண் டீச்சரின் கைப்பையில் போய் நின்றது.

அவன் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. பையை மேசைமேல் கவிழ்த்தாள். சாவி, திருத்தாத விடைத்தாள்கள், தலைவலி மாத்திரை. லென்ஸ் இல்லை. வேறெங்காவது ஒளித்திருக்கலாம் என்று போட்டோகிராபர் முணுமுணுத்தான்.

காலையில் போலீஸிடம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது கிளம்புங்கள் என்றான் மெக்கானிக்.

நுரை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு இவ இந்தப் படி இறங்க மாட்டா. யாரு எடுத்தான்னு தெரியாம நானும் எழுந்திருக்க மாட்டேன்."

8.06. மேசையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த அவன் பார்வை ஓரிடத்தில் நின்றது. போட்டோகிராபர் பக்கம் திரும்பினான்.

"பால்கனில அரை மணி நேரம் என்ன பண்ணே?"

"உன் பீரைத்தான் குடிச்சேன். மெதுவா, மடக்கு மடக்கா."

"எத்தனை மடக்கு?"

"எண்ணிக்கிட்டா குடிப்பாங்க? பத்து இருக்கும்."

நுரை காலிக் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தான். ஆலையில் தினமும் செய்கிற வேலைதான் இது. ஒவ்வொரு மடக்குக்கும் பீர் இறங்கும்போது, நுரை கிளாஸின் உள்பக்கம் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டு காய்ந்துபோகும். பத்து மடக்குக்குப் பத்து வேண்டாம், ஐந்தாவது இருக்க வேண்டும். இதிலோ விளிம்பை ஒட்டி இரண்டே வளையம். அதற்குக் கீழே அடிவரை ஒன்றுமில்லை.

"இந்த ரெண்டும் நான் குடிச்சது. மிச்சத்தை யாரும் மடக்கு மடக்கா குடிக்கல. ஒரேயடியா கவுத்திருக்கு."

எழுந்து பால்கனிக்குப் போனான். பூந்தொட்டி மண்ணில் விரலை விட்டு முகர்ந்தான். தன் ஆலைச் சரக்கை அவன் மூக்குக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

"லென்ஸை எடுத்தே, இரும்புப் படில இறங்கினே, ரெண்டு தெரு நடந்து கார்ல வெச்சுட்டு ஓடி வந்தே. குடிக்க நேரம் ஏது? ஆனா அரை மணி நேரம் இங்கயே குடிச்சவனா நீ தெரியணும். காலிக் கிளாஸ் வேணும். கார்ச் சாவியை எடு."

போட்டோகிராபர் மெக்கானிக் பக்கம் திரும்பினான். "ஒரு நாள் குடுடான்னு கேட்டேன். தர மாட்டேன்னுட்டே" என்றபடி சாவியை மேசையில் வைத்தான்.

8.31. லென்ஸ் விளக்கடிக்குத் திரும்பியது. மெக்கானிக் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டான், சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கெஞ்சினான்.

"பையைப் பாத்த நேரத்துக்கு என் முகத்தைப் பாத்திருக்கலாம் அண்ணா" என்றாள் அவள். விடைத்தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவுக்கு வந்தபின் கணவனைப் பார்த்தாள். "நான் கவுத்தப்போ நீங்க எதைப் பாத்தீங்க?"

பொய் சொல்ல வசதியான இடம்தான். நுரைக்கு வாய் வரவில்லை.

"பையைத்தான்."

"லென்ஸ் இருக்குமான்னா?"

"ஒரு நொடி. அப்புறந்தான் கிளாஸைப் பாத்தேன்."

 அவள் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"வீடு வர்ற வரைக்கும் நீங்களே தூக்கிட்டு வாங்க."