விரிப்பு நனைந்த மதியம்

வார்டன் அம்மாவை ஏற்றி வந்த வண்டி அந்தப் பழைய வீட்டு வாசலில் நின்றபோது மழை விட்டிருந்தது. வாசற்படிகளை இடித்து, சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டிருந்தார்கள். மற்றபடி அது ஏதோ ஒரு பெரிய குடும்பம் வாழ்ந்து முடித்த வீடுதான். உயரமான கூரை, தடித்த சுவர்கள், செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வரும் நீண்ட நடை. இப்போது அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் சில வாரம் தங்கி, நடக்கப் பழகிக்கொண்டு வீடு திரும்பும் இடமாக இருந்தது. வார்டனுக்கு வலது முட்டியை மாற்றியிருந்தார்கள். மகன் வீட்டில் ஏற வேண்டிய படிகள் நிறைய. அதனால் அவன் இங்கே இடம் பிடித்திருந்தான்.

பாதி ஆயுளைப் பெண்கள் விடுதி ஒன்றில் கழித்தவர் அவர். மாடி மாடியாக ஏறி, கட்டிலுக்கடியில் தூசி இருக்கிறதா, குளியலறை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே முட்டி தேய்ந்தது என்பார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் வார்டன்தான். அவர் ஒன்று சொன்னால் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அறையில் இரண்டு கட்டில்கள். கதவோரம் அவருடையது. ஜன்னலோரக் கட்டிலில் அவரைவிட மூத்த ஒரு பெண்மணி இருந்தார். அவருக்கும் முட்டிதான். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பக்கத்துக் கட்டடத்தின் பாசி படிந்த சுவர். மதியச் சாப்பாடு முடிந்து திரையை இழுத்துவிட்டால் அறை அந்தி போல இருண்டுவிடும். பினாயில் வாசனையும் வலித் தைலத்தின் வாசனையும் எங்கோ ஊறும் ஈரச் சுவரின் வாசனையும் ஒன்றாகக் கலந்து, போக வழியில்லாமல் நிற்கும்.

அந்த மூத்தவரை அங்கே வேலை பார்த்த ஆயா ஜன்னலம்மா என்றாள். சொந்தப் பெயருக்குச் சில நாள் திரும்பிப் பார்க்க மாட்டாராம். ஜன்னலம்மா என்றால் உடனே சிரிப்பாராம். ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. டீ குடித்த கோப்பையைக் கீழே வைத்த கையோடு, டீ வந்துவிட்டதா என்று கேட்பார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து வார்டனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலிக்கிறதா பாப்பா என்பார். பேரன் எடுத்த தன்னை ஒருவர் பாப்பா என்பது வார்டனுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதபடி, சுகமாக இருந்தது. பிசியோக்காரர் வந்து முட்டியை மடக்கும்போது வார்டனின் கண்ணில் பூச்சி பறக்கும். அப்போது ஜன்னலம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார். எதற்குப் பிடித்தோம் என்பது மறந்துபோய், பிசியோக்காரர் போன பிறகும் பிடித்தபடியே இருப்பார்.

ஒரு மதியம் வலி மாத்திரை மயக்கத்தில் கிடந்த வார்டனுக்குத் தொடைக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. கனவு என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அது குளிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தார்.

விரிப்பு நனைந்திருந்தது.

காது மடல் வரை சூடேறியது. எழ முடியாது, முட்டி கட்டை போல் கிடந்தது. மணியை அழுத்தி ஆயாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் குரல் கடைசி அறை வரை கேட்கும். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் டீத் தட்டோடு ஆயாவே வந்து விளக்கைப் போட்டுவிட்டாள். அவள் பார்வை விரிப்பில் விழுந்தது.

"ஜன்னலம்மா வந்து உக்காந்தாங்க. எழுந்து போனப்புறம் பாத்தா இப்படி இருக்கு."

தன் குரல் அது என்று வார்டனுக்கே பிறகுதான் உறைத்தது. விடுதியில் பேசும் அதே நிதானமான குரல்.

ஆயா அதற்குமேல் விசாரிக்கவில்லை. வார்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தம் போடத் தொடங்கினாள். ஜன்னலம்மா எழுந்து உட்கார்ந்து தன் உடையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்தது. வார்டன் அதைப் பார்த்தார். ஆயா பார்க்கவில்லை. ஜன்னலம்மா இன்னொரு தடவை தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி, விடை தெரியாத குழந்தை டீச்சரைப் பார்ப்பது போல, வார்டனைப் பார்த்தார்.

வார்டன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் போல இருக்கு," என்றார் ஜன்னலம்மா. "மன்னிச்சுக்கோ பாப்பா. தெரியாம நடந்துடுச்சு."

இனிமேல் மதியம் டீ கிடையாது என்றாள் ஆயா. அடுத்தவர் கட்டிலில் உட்காரவும் கூடாது. கதவைக்கூடச் சாத்தாமல் அவருக்கு டயப்பரைக் கட்டிவிட்டாள். நடையில் போன யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜன்னலம்மா இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வார்டனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தார்.

மறுநாள் மதியம் அறை இருண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் வாக்கர் தரையில் மெல்ல ஊர்வது கேட்டது. ஜன்னலம்மா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். சத்தம் போடக் கூடாது, பாப்பா தூங்குது, நானே போய்ட்டு வந்துடுவேன். துணையில்லாமல் குளியலறைக்குப் போகக் கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மணி வார்டனின் கைக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. அழுத்தினால் விளக்கு எரியும்; ஆயா வருவாள்; திரும்பிப் படுக்க வேண்டும்; அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

குளியலறைக் கதவு திறந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு தரையில் ஏதோ கனமாக விழுந்தது.

ஜன்னலம்மாவைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இருட்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. தலையில் அடி. கண்ணைத் திறக்காமலே போய்விட்டாராம்.

சாமான்களை எடுத்துப்போக ஜன்னலம்மாவின் மகள் வந்தாள். தூக்கமில்லாத முகம்; அம்மாவுடைய அதே மூக்கு. துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வார்டனின் கட்டிலருகே வந்து நின்றாள். ஆயா எல்லாவற்றையும் சொன்னாளாம்.

"அம்மா உங்க கட்டில்ல போயி... ரொம்ப மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி. வீட்ல ஒரு நாளும் அப்படிப் பண்ணதில்ல."

"பரவாயில்லம்மா," என்றார் வார்டன்.

அந்த ஒரு சொல்லை விழுங்க முடிந்திருந்தால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது என்று அவர் பின்னாளில் நம்பினார். மகள் அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் அழுதாள். அம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், போனில் பாப்பா பாப்பா என்றுதான் பேசுவார் என்றாள். கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை. மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். வெறும் இரும்புப் பலகை தெரிந்தது.

அடுத்த மதியம். திரை இழுத்திருந்தது. மாத்திரை மயக்கம் இன்னும் முழுதாக ஏறவில்லை. குளியலறைப் பக்கமிருந்து சோப்பு வாசனை வந்தது. துணியை அலசும் சத்தம். பிழிந்து உதறும் சத்தம். ஆயா என்று நினைத்தார்.

சத்தம் நின்றது.

தரையில் ஈரக் கால்கள் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை. ஒரு கால் அழுத்தமாக, மறு கால் இழுத்துக்கொண்டு. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது.

விரிப்பின் நுனியை யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்ற கவனத்தோடு. பிறகு தொடைக்குக் கீழே, மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில், ஐஸ் கட்டியைப் போன்ற ஒரு கை நுழைந்தது. நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தது.

"கொஞ்சம் நகரு பாப்பா. துணிய எடுத்துக்கறேன். ஆயா பாக்கறதுக்குள்ள அலசிடறேன்."

வார்டனுக்கு வாய் திறக்கவில்லை. முட்டி மடங்கவில்லை. அறையில் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. விரிப்பு மட்டும் கால்மாட்டை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நான்தான். தெரியாம நடந்துடுச்சு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அலறியிருப்பார்.

டீ நேரத்தில் ஆயா வந்தபோது வார்டன் வெறும் மெத்தைமேல் கிடந்தார். விரிப்பு குளியலறை வாளியில், சோப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. ஆயா வாளியையும் வார்டனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, இத்தனை நாளில் அவர் கேட்டிராத தணிந்த குரலில் பேசினாள்.

"இதுக்குப் போயி யாராவது வெட்கப்படுவாங்களா வார்டன்மா? மாத்திரை மயக்கத்துல எல்லாருக்கும் ஆகறதுதான். என்னைக் கூப்பிட்டா மாத்திட்டுப் போறேன். நீங்களா எழுந்து போயி விழுந்து வெச்சீங்கன்னா?"

அவ்வளவுதான். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவுதான் நடந்திருக்கும். ஒரு விரிப்பை மாற்றியிருப்பார்கள். வார்டன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ஆயா அதை வெட்கம் என்று எண்ணி முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் அது வந்தது. ஒருநாள் துணிச்சலை எல்லாம் திரட்டி, இருட்டைப் பார்த்து, நீங்க இல்லம்மா, நான்தான், போயிடுங்க என்று கிசுகிசுத்தார். விரிப்பு ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு, மறந்துவிட்டது போல, மறுபடியும் நகரத் தொடங்கியது. உயிரோடு இருந்தபோதே எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாதவர் ஜன்னலம்மா. அந்த ஒரு பழியை மட்டும் அவர் மறக்கவில்லை.

வார்டன் முட்டியை வெறியோடு மடக்கிப் பழகினார். பிசியோக்காரர் அசந்துபோனார். இந்த வயதில் இவ்வளவு மன உறுதியா என்று மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டிப் பாராட்டினார். நினைத்ததைவிடச் சீக்கிரமே மகன் வந்து அழைத்துப்போனான். மகன் வீட்டுப் படிகளைக் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொன்றாக ஏறினார். பின்னால் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சில நாள் நிம்மதியாகக் கழிந்தது. பிறகு ஒரு மாலை மகன் வேலையிலிருந்து திரும்பி, குளியலறையிலிருந்து வாளியோடு வந்து நின்றான். அதில் அவருடைய விரிப்பு. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கையால் துவைக்கிறாய் என்று கேட்க வந்தவன், பாதியில் ஏதோ புரிந்துகொண்டவன் போல நிறுத்திக்கொண்டான். மறுநாள் ஒன்றும் சொல்லாமல் அவர் மெத்தைக்கு ரப்பர் உறை வாங்கிப் போட்டான். வார்டன் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில் ஜன்னலம்மாவின் மகள் அவ்வப்போது கூப்பிட்டு, முட்டி எப்படி இருக்கிறது ஆன்ட்டி, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பேசுவது போல இருக்கிறது என்பாள். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் வார்டன் கைபேசியைத் தலையணைக்கடியில் தள்ளிவிடுவார். எடுக்காமல் விட்டால் மறுபடி கூப்பிடுவாள், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பதறுவாள்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம், வீட்டில் யாருமில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தார். கைபேசி அடித்தது. அவள்தான். வழக்கமான விசாரிப்பு முடிந்ததும், அந்த நேரத்தில் என்ன வந்ததோ, வார்டன் இடைமறித்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. கேட்டுட்டு நீ என்னை என்ன வேணா திட்டு. அன்னிக்கு அந்தக் கட்டில நனைச்சது உங்கம்மா இல்ல. நான்தான். வெட்கத்துல அவங்க மேல பழியப் போட்டுட்டேன். அவங்க துணி காஞ்சு இருந்துச்சு, நான் பாத்தேன். மறுநாள் அவங்க எழுந்து போனப்பவும் நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

மறுமுனையில் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

மகள் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க பக்கத்துல யாரு அழறாங்க?"

வார்டனுக்கு எதுவும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். யாரும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தார்.

அவர் சாய்ந்திருந்த கட்டிலின் மறுபக்கம், ஒருவர் உட்கார்ந்தது போல, மெல்ல அமுங்கியது.

கைபேசியில் மகளின் குரல் உடைந்து, சின்னக் குழந்தையின் குரல் போல ஆகியிருந்தது.

"அம்மா?"

அவள் வார்டனைக் கூப்பிடவில்லை.