மூன்றாம் விளி

நீதிபதியின் நாற்காலியில் இன்ஜினியர் அஜேஷ் இருந்தார். அதற்குக் கீழே மேசையில் கோர்ட்டின் தலைமை எழுத்தரான சிரஸ்தார் ஜெயதாஸ். சாட்சிக் கூண்டில், புதுக் கட்டிடத்தின் காவலைக் கண்ணால் பார்த்துப்போக வெள்ளறடையிலிருந்து வந்த சுகிர்தபாய். வாசலில், பெயர் விளிக்கும் டவாலி கனகதாஸ். குற்றவாளிக் கூண்டில் யாரும் இல்லை. அதன் குட்டிக் கதவை ஜெயதாஸ் திறந்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கோர்ட் திறப்பு. முதல் சாட்சி சுகிர்தபாய்தான். பழைய கோர்ட்டில் எல்லோருக்கும் ஒரே வராந்தா. அவள் புருஷனைக் கொன்ற சுந்தரதாஸ், விலங்கிட்ட கையாலேயே அங்கே அவள் கழுத்தைப் பிடித்தான். பிறகு ஜெயிலில் செத்துப்போனான். கூடவே வெட்டிய அவன் தம்பிமேல் வழக்கு மிச்சம். இவள் வாய் திறக்காவிட்டால் அவன் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விடுவான். அதற்காகவே இங்கே லாக்கப்பிலிருந்து கூண்டுவரை ஜன்னலில்லாத தனிப் பாதை. இரு கதவுக்கும் வெளியே மட்டும் தாழ்ப்பாள். சாட்சிக்குத் தனி அறை. அதற்கு உள்ளே மட்டும் தாழ்ப்பாள்.

ஒத்திகைக்கு ஏதாவது ஒரு பெயரை விளிக்கச் சொன்னார் அஜேஷ். கனகதாஸ் வராந்தாவில் நின்று, நாக்கில் பழகிப்போன சுந்தரதாஸ் பெயரையே, வழக்கம்போல மூன்று முறை நீட்டி விளித்துவிட்டார். வெளியே மழை சொட்டிக்கொண்டிருந்தது, ஈரச் சுண்ணாம்பும் புதுப் பெயிண்டும் மூக்கில் ஏறின, அதற்கு நடுவே தனிப் பாதைக்குள் ஏதோ ஒன்று, ஓர் அடி வைத்து, ஒரு காலை இழுத்து, மறுபடி ஓர் அடி வைத்து, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஜெயதாஸ் தாழைத் திறந்தார். யாருமில்லை. காயாத சிமெண்டில் சுவடுகள். ஒரு பாதம் முழுசாக. ஒன்று இழுபட்டு. எல்லாம் இங்கே வந்தவை. திரும்பியது ஒன்றும் இல்லை. திறந்து வைத்திருந்த கூண்டின் குட்டிக் கதவு இப்போது சாத்தியிருந்தது.

கொத்தனாரின் காலாக இருக்கும் என்று அஜேஷ் சிரித்தார். கனகதாஸ் சிரிக்கவில்லை.

"விளிச்சது நானு. வந்தவன் போலாம்னு சொல்லவேண்டியது கோர்ட்டாக்கும். கோர்ட்டுதான் இன்னும் தொறக்கலியே சாரே."

சுகிர்தபாய் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இறுக்கி, ஜெயதாஸைப் பார்த்தாள்.

"அவனுக்கு எடது காலு இழுக்கும், சாரே. பயமொண்ணும் இல்லேன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கடுதாசி அனுப்புங்க. வாறேன். உங்க வார்த்தைக்காக்கும் வாறது."

அவளும் அஜேஷும் போனபின், ஜெயதாஸ் எழுத உட்கார்ந்தார். கடிதத்துக்காகக் கனகதாஸ் வராந்தாவில் காத்திருந்தார். உங்களுக்கும் எதிரிக்கும் நடுவில் இரண்டு கதவுகள் உண்டு, பயப்படாமல் வரலாம் என்று முதல் வரி.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

பாதைக்குள் இல்லை. இந்தப் பக்கம்.

ஜெயதாஸ் எழுந்து போய்ச் சாட்சி அறைக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. குனிந்தார். கதவடியில் ஒரு விரற்கடை வெளிச்சம். அதில் விரல்கள். சிமெண்ட் ஒட்டிய விரல்கள். இடது கால் பக்கவாட்டில் சரிந்து.

காத்திருந்தன.

மேசைக்குத் திரும்பினார். எழுதாவிட்டால் தம்பி தப்பிவிடுவான். எழுதினால் அவள் வந்து அந்த அறையில்தான் உட்காருவாள்.

கையெழுத்திட்டார். உறையை ஒட்டி, அரக்கு உருக்கி, முத்திரையை அழுத்தினார்.

வெள்ளறடை பஸ்ஸுக்குக் கனகதாஸ் கடிதத்தோடு ஓடினார். சாட்சி அறைக்குள், உட்கார இடம் விட்டு, பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.