பெரியவள் கொண்டு வந்தது

செருப்பு ஈரமாக இருந்தது.

சின்னவளின் செருப்புதான். இடது கால். மஞ்சள் வார், குதிகால் பக்கம் ஒரு பட்டாம்பூச்சி, அதில் ஒரு இறக்கை பிய்ந்திருக்கும், பிய்ந்தே இருந்தது. சமையலறைப் பின்கதவின் அடிப்பலகை உளுத்து விழுந்து ஒரு சதுர ஓட்டை ஆகியிருந்தது. இந்த வாரம் அடைக்கிறேன், அடுத்த வாரம் அடைக்கிறேன் என்று அவன் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தான். அந்த ஓட்டைக்கு நேர் முன்னால், வீட்டுக்கு உட்புறமாக, யாரோ பக்குவமாக வைத்துவிட்டுப் போன மாதிரி செருப்பு இருந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மிருகக்காட்சி சாலையின் அகழியில் விழுந்து, எத்தனை துழாவியும் கிடைக்காமல் போன செருப்பு. அதன் ஜோடியை அவன் மனைவி என்றைக்கோ குப்பையில் போட்டுவிட்டாள்.

குனிந்து எடுத்தான். வாசனை முகத்தில் அடித்தது. காய்ந்த வைக்கோல், கறுக்கத் தொடங்கிய பழத்தோல், அதற்கெல்லாம் அடியில் வெயிலில் கிடந்த தோல்பையைத் திறந்தால் வருமே, அந்தச் சூடான வாசனை. பதினோரு வருடம் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்த வாசனை அது. எந்த சோப்புக்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மாலை ஐந்தரை. அங்கே தீனி போடும் நேரம்.

மனிதக்குரங்குகளுக்குக் காப்பாளன் அவன். கல்யாணமான முதல் வருடம், தாயில்லாமல் வந்து சேர்ந்த ஒரு பெண் குட்டியை வீட்டுக்கே எடுத்து வந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புட்டிப்பால் கொடுத்து, நெஞ்சில் துணியால் கட்டிக்கொண்டு வளர்த்தான். வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கேலி செய்வாள்: "உங்க மூத்த பொண்ணக் கேட்டதா சொல்லுங்க." கேலியே பெயராக நின்றுவிட்டது. குரங்கு பெரியவள். ஆறு வருடம் கழித்து இவர்களுக்குப் பிறந்தவள் சின்னவள். சின்னவளுக்குப் பேச்சு வந்ததும் பெரியவளை அக்கா என்றாள். யாரும் திருத்தவில்லை. அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

செருப்பைப் பரண்மேல், பழைய பெட்டிக்குப் பின்னால் எறிந்தான். சின்னவள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அக்கா வந்தாளாப்பா?"

"எந்த அக்கா? யாரும் வரல."

அவள் கறுப்பு நிறத்தால் எதையோ அழுத்தி அழுத்தி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பரணில் செருப்பு இல்லை. பெட்டியை இறக்கி, பாத்திரங்களை இறக்கி, தூசி முழுவதும் தலையில் கொட்டத் தேடினான். மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவாள், அவள் எடுத்திருக்க வழியில்லை. சம்பவத்துக்குப் பிறகு அவனைக் காலை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு மணிக்கு மேல் அவனும் மகளும்தான் வீட்டில்.

"மேல இருந்த செருப்ப நீ எடுத்தியாடா?"

"அக்கா எடுத்துட்டுப் போய்ட்டா." சின்னவள் அவனைப் பார்த்தாள். அவன் மக்காக இருப்பது பற்றி அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் போலிருந்தது. "நீதான் பழம் குடுக்கலையே."

அவன் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான்.

பார்க்க வருகிறவர்கள் எதையாவது கூண்டுக்குள் தவறவிட்டபடியே இருப்பார்கள். மூக்குக்கண்ணாடி, போன், சாவிக்கொத்து, குழந்தையின் தொப்பி. ஒவ்வொரு தடவையும் ஆள் இறங்கி எடுக்க முடியுமா? அதனால் பெரியவளுக்கு அவன் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தான். விழுந்ததை எடுத்துக்கொண்டு தீனி கொடுக்கும் சின்ன வாசலுக்கு வர வேண்டும், அவன் கையில் கொடுக்க வேண்டும், பழம் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். ஆனால் நியாயம் என்றால் நியாயம். பழம் வராவிட்டால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். மேலதிகாரி ஒருவர் விளையாட்டாக ஏமாற்றிப் பார்த்தார். அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அவர் இருந்த திசைக்கே அவள் முதுகைத்தான் காட்டினாள்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஓட்டையின் முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அடுத்த நாள் சாவிக்கொத்து, அதன் பக்கத்தில் ஒரு தொப்பி. எல்லாமே அவன் கை வழியாக உரியவர்களிடம் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கு ஆகிவிட்ட பொருள்கள். எல்லாவற்றிலும் அந்த ஈரம். கடைக்கு ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கி வந்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று என்று ஓட்டையின் வாயில் வைத்துவிட்டு, சின்னவளைத் தூக்கிக்கொண்டு முன்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் மெல்லிய சத்தம். வைக்கோலை இழுக்கிற மாதிரி. அப்புறம் தொண்டைக்குள்ளேயே உருளுகிற அந்தத் திருப்தியான முனகல். அதைக் கேட்காமல் பதினோரு வருடத்தில் ஒருநாளும் அவன் வேலை முடித்துக் கிளம்பியதில்லை.

திரும்பி வந்தபோது பழம் இல்லை. தோல்கள் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவனுக்குக் குப்பை அள்ளும் வேலை மிச்சமாகட்டும் என்று அவள் எப்போதும் அப்படித்தான் வைப்பாள். அதைப் பார்த்ததும் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தரையில் உட்கார்ந்து தோல்களை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

ஏனென்றால் அன்றைக்கு நடந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விடுமுறை என்று சின்னவளை வேலைக்குக் கூட்டிப் போயிருந்தான். அக்காவின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறேன் என்று அவளை அகழிச் சுவர்மேல் உட்கார வைத்து, அவனே அவளுடைய செருப்பு ஒன்றைக் கழற்றி உள்ளே போட்டான். அது அகழித் தண்ணீரில் விழுந்து மூழ்கிவிட்டது. அடுத்ததைப் போடலாம், அதற்குள் பழம் எடுத்து வருகிறேன் என்று திரும்பினான். எட்டு அடி இருக்கும். பழத்தோடு திரும்பியபோது சுவர்மேல் குழந்தை இல்லை.

பெரியவள் அவளை அடிக்கவில்லை, இழுக்கவில்லை. ஒரு கையால் மார்போடு அணைத்து, மற்ற மூன்று கைகால்களாலும் நடந்து, நேராகத் தீனி வாசலுக்கு வந்தாள். குழந்தையைத் தரையில் உட்கார வைத்தாள். கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. அவன் கையில் பழம் இருந்தது.

துப்பாக்கியோடு ஓடிவந்த அதிகாரி கேட்டார், "நீ வளர்த்தது. நீயே சொல்லு, சுடலாமா வேண்டாமா?"

அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பெரிய கைக்கும் அந்தச் சின்னக் கழுத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. பெற்ற வயிறு என்பார்கள். பெற்றவனுக்கும் வயிறு உண்டு. "சுடுங்க சார்" என்றான்.

விசாரணையில் சுவரின் கைப்பிடிக் கம்பி தளர்ந்திருந்தது என்றான். "அது குழந்தையை இழுத்துக்கிட்டுப் போச்சு சார்" என்றான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளை 'அது' என்றான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள். மனைவி அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில், ஒரு கீறல்கூட இல்லாத சின்னவள் அவன் காதில் சொன்னாள்: "அக்கா என்னையும் எடுத்துட்டு வருவாளான்னு பாத்தேன்பா. வந்துட்டா." இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினான். அக்காவுக்குத் தூக்க ஊசி போட்டிருக்கிறார்கள் என்றும் சொல்லிவைத்தான்.

நான்காம் நாள் மாலை ஓட்டையில் எந்தப் பொருளும் இல்லை. கை இருந்தது.

பின்கட்டில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. முழங்கை வரைக்கும் தெரிந்தது. மோதிர விரலில் நகம் இல்லை. குட்டியாக இருந்தபோது கதவில் நசுங்கியது. உள்ளங்கையின் சுருக்கங்களில் மண். அவன் மண்டியிட்டு ஒரு பழத்தை அதில் வைத்தான். கை மூடவில்லை. பழத்தைத் தாங்கியபடி அப்படியே இருந்தது.

"பெரியவளே," என்றான். "மன்னிச்சிரும்மா. அப்பாவுக்குப் பயமா போச்சும்மா. உன்னை நம்பாம இல்ல. அவ குட்டிப் பொண்ணுடா. நீயும் என் பொண்ணுதான், ஆனா... அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் எப்படி..."

கதவுக்கு அப்பால் மூச்சு. நீளமாக. பொறுமையாக. அவன் பேசுவதை முழுக்கக் கேட்டது.

"அப்பா." சின்னவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். "அக்கா என்னைக் கொண்டு வந்தப்ப பழம் குடுத்தியா?"

"குடுத்தேன்டா கண்ணு."

வாய் கூசாமல் வந்துவிட்டது. விசாரணையில் வந்த மாதிரியே.

மூச்சு நின்றது. கை சாய்ந்தது. பழம் தரையில் உருண்டது. கை ஓட்டைக்குள் போய்விட்டது.

"இல்லையே," என்றாள் சின்னவள். அழுகை வரும் குரல். "உன் கையிலயே இருந்துச்சே. நான் பாத்தேனே."

"சரிடா. சரி. இப்ப குடுத்துடலாம். எல்லாத்தையும் குடுத்துடலாம்." முன்னறை மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம் முழுசாக இருந்தது. எழுந்து ஓடினான். எட்டு அடி இருக்கும்.

திரும்பினான்.

தரையில் கறுப்புக் கிரேயான். படம் வரைந்த தாள். பழம்.

சின்னவள் இல்லை.

"கண்ணு?"

தாழ்ப்பாளை இழுத்தான். கதவைத் திறந்தான். குழாய். வாளி. கொடியில் அவளுடைய கவுன். சுவர். ஆள் இல்லை. சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். கதவைச் சாத்தினான். குப்புறப் படுத்து ஓட்டை வழியாகப் பார்த்தான்.

பின்கட்டு தெரியவில்லை.

சிமென்ட் தரை. வைக்கோல். கம்பியின் நிழல். பெரியவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் ரோமம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. அவள் தோளில் சின்னவள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு. கண்கள் மூடியிருந்தன. நல்ல தூக்கம். பெரிய கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் தட்டுவது போலவே. இரண்டு தட்டு, ஒரு தடவல். அவனிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

"கொடுத்துடும்மா," என்றான். "இந்தா. பழம். கொண்டாம்மா. கொடுத்துடு."

முழுச் சீப்பையும் நீட்டினான். அவள் பழத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். கோபமில்லை. கோபமிருந்திருந்தால் தேவலை. அப்புறம், குழந்தை அலுங்கிவிடாமல், மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவனால் நுழைய முடியவில்லை. தலை போகவில்லை. தோள் போகவில்லை. ஓட்டையின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. ஒரு கையை மட்டும் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, உள்ளங்கையை விரித்து, ஒற்றைப் பழத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். கன்னம் கதவில் அழுந்தியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சம் போய்விட்டது. கை மரத்தது. விலக்கவில்லை.

வாசலில் சாவி திரும்பியது.

"என்னங்க, வீடே இருட்டா கெடக்கு? லைட்டுகூட போடாம..." மனைவியின் குரல். பை கீழே வைக்கப்படும் சத்தம். "சின்னவ எங்க? தூங்கிட்டாளா?"

அவன் வாயைத் திறந்தான். அப்போது, கதவுக்கு அந்தப் பக்கம், அவன் கையைத் தோல் தடித்த, சூடான விரல்கள் தொட்டன. பழத்தை எடுக்கவில்லை. அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி மூடின. பிறகு அந்தக் கையை, பழத்தோடு, மெல்ல வீட்டுக்குள் தள்ளிவிட்டன.