துலாம் காட்டிய பொய்

சித்திரை முதல் நாள் பொழுது புலரும் முன்பே பூவாயியும் அவள் அண்ணன் சின்னராசும் கயிற்றைப் பிடித்துக் குகைக்குள் இறங்கினார்கள். மலையைக் கல்குவாரிக்குக் கொடுக்கச் சம்மதம் கேட்டு அன்று மதியம் வேங்கைப்பட்டியில் ஊர்க்கூட்டம். மலை ஊருக்குத்தான் சொந்தம் என்று சொல்லும் செப்பேடு அதற்குள் கிடைக்காவிட்டால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் வீடும் கிடையாது, காடும் கிடையாது.

செப்பேடு எங்கே என்பதற்கு ஒரே துப்பு, கல்வெட்டுப் படிப்பு படிக்கும் பூவாயி அடிவாரத்துப் பாறையில் வாசித்த வரி: ‘ஞாயிறு மேடம் புகும், பகலும் இரவும் ஒத்த நாளில் குகையுள் காலைக்கதிர் காட்டும்.’

“மேடத்துல, அதான் மேஷ ராசியில, சூரியன் நுழையறது சித்திரை ஒண்ணுதான் பாப்பா. பஞ்சாங்கத்துலயே இருக்கு” என்று நாள் குறித்தவன் அண்ணன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

கிழக்குச் சுவரின் பிளவு வழியே வெளிச்சம் பாய்ந்தது. மேற்குச் சுவரில் வரிசையாகச் செதுக்கியிருந்த பன்னிரண்டு ராசிகளில் அது துலாத்தைத் தொட்டது. ஒத்த நாளுக்குத் தராசு! பூவாயிக்குத் தலைகால் புரியவில்லை. உளியும் சுத்தியலுமாக ஒரு மணி நேரம் கொத்தினாள். வெறும் பாறை.

“கடப்பாரை எடுத்துட்டு வரேன்” என்று மேலே ஏறிய சின்னராசு கயிற்றை உருவிக்கொண்டான்.

“அண்ணே, கயிறு!”

“கோவிச்சுக்காத பாப்பா. குவாரிக்காரங்க எனக்கு டவுன்ல வீடு தர்றாங்க. கூட்டம் முடிஞ்சதும் உன்னத் தூக்க ஆள் அனுப்புறேன்.”

காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பாவி! தோளில் தூக்கி வளர்த்தவன்தானே இவன்? பூவாயி வயிறெரிந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அந்தப் பாடம் உறைத்தது. மார்ச் இருபத்தொன்றுதான் சம இரவு நாள், அன்றைக்குச் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தவன் அவன். கல்வெட்டு வெட்டிய காலத்தில் இரண்டும் ஒரே நாளாக இருந்திருக்கும். நூற்றாண்டுகள் போகப் போக ஒத்த நாள் பின்னால் நழுவிப் பங்குனிக்குப் போய்விட்டது. மேடம் புகும் நாள் மட்டும் சித்திரையிலேயே நிற்கிறது. தெரிந்தேதான் தப்பான நாளில் கூட்டி வந்திருக்கிறான்!

நேர் கிழக்கில் உதித்தால் வெளிச்சம் நேர் மேற்கில் விழும். அதற்குச் சூரியன் எதற்கு? பூவாயி பிளவின் அருகே நின்று பையிலிருந்த திசைகாட்டியை எடுத்துப் பிடித்தாள். முள் காட்டிய நேர் மேற்கு, துலாத்துக்கு வலப்பக்கம் இரண்டு உருவம் தள்ளியிருந்த தனுசு. அதன் அடியில் தட்டினாள். டொங்கென்று சத்தம் வந்தது. சுண்ணாம்புப் பூச்சை உடைத்து உள்ளே கைவிட்டபோது செம்பு சில்லென்று விரலில் பட்டது.

பிளவுக்கு வெளியே செங்குத்துப் பாறை. செப்பேட்டை வயிற்றோடு கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் உடம்பை நுழைத்து, வெளியே தொங்கிய ஆலவேரைப் பற்றிச் சரசரவென்று சறுக்கினாள். முழங்கால் கிழிந்தது, நிற்கவில்லை. ஊர் வரை ஓடிய பாதையில் எதிரே ஒரு ஆள்கூட வரவில்லை; எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள்.

முதல் கையெழுத்துப் போட ஊர்க்கவுண்டர் பேனாவைத் திறந்துவிட்டார். பூவாயி செப்பேட்டை அவர் முன்னால் வைத்து, ஓடை முதல் எல்லைக்கல் வரை மலை ஊருக்கே என்று உரக்கப் படித்தாள். கவுண்டர் பேனாவை மூடினார். குவாரிக்காரர்கள் ஜீப்பைக் கிளப்பினார்கள். ஊரே அவளைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “எந்தங்கச்சிய்யா, நான் படிக்க வச்ச புள்ள” என்று அவள் தோளில் கைபோட்டான் சின்னராசு.

பூவாயி அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

“யார் நாள் குறிச்சாலும் இனிமே நானே கணக்குப் போட்டுப் பாத்துக்குவேண்ணே. வர்ற பங்குனி ஏழு, அந்த மார்ச் இருபத்தொண்ணு, வெளிச்சம் தனுசுல விழும். ஊரையே கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன்” என்றாள். “நீ மட்டும் வராத.”