கான்ட்ராக்டர் வெளியே வரவில்லை

சோஃபியா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மீன் குழம்பு என்றால், மீன் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சட்டம் போட்டது சோஃபியாதான். அதன்படி நடப்பதும் அவள் ஒருத்திதான், ஏனென்றால் அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை.

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் அவர்கள் வீடு. நான்காம் ஆண்டு படிக்கும் சோஃபியாவைப் பள்ளி வேன் ஒன்றரை மணிக்கு இறக்கிவிடும். பக்கத்து வீட்டு ஐனா ஆன்ட்டி கதவைத் திறந்துவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அப்பா ஜெஃப்ரி பார்சல் வேன் ஓட்டுகிறார். காலையிலேயே சோறும் முட்டையும் வைத்துவிட்டுப் போனால், திரும்ப ஏழு மணி ஆகிவிடும்.

அம்மா சாண்ட்ரா பொறியாளர். தொழிற்சாலைகளுக்குப் பெரிய பெரிய இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பவர். மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில்தான். இந்த முறை வியட்நாம்.

மீன் தொட்டி அம்மாவுடையது. அதில் இருப்பது கடல் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீர். இரண்டே பேர் குடியிருக்கிறார்கள்.

ஒருவர் மஞ்சள் நிற மீன். நாள் முழுக்கப் பொந்து வாசலிலேயே இருந்துகொண்டு போகிறவர் வருகிறவரை முறைப்பார். கீழே கேட்டில் காவல் இருக்கும் ஜாகாவும் அப்படித்தான் செய்வார் என்பதால், மீனுக்கும் ஜாகா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொருவர் விரல் நீள இறால். பெயர் கான்ட்ராக்டர். மணலைத் தோண்டுவார், தள்ளுவார், மறுபடி தோண்டுவார். வேலை என்றைக்கும் முடியாது. அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஒரு மீசையை எப்போதும் ஜாகாவின் மேல் வைத்துக்கொண்டிருப்பார். ஆபத்து என்றால் ஜாகா வாலை ஆட்டுவார். உடனே இருவரும் உள்ளே ஓடிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் அம்மா எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்திருந்தார்.

"தொட்டி சூடாகக் கூடாதுன்னு ஃபேன் ஓடுது பாரு, அதனால தினமும் தண்ணி குறையும். குறைஞ்சா இந்தக் கோடு வரைக்கும் ஊத்து. வெள்ளை டிரம்ல தண்ணி இருக்கு."

"நீல டிரம்?"

"அது உப்புத் தண்ணி. நான் வந்து தொட்டித் தண்ணி மாத்தறப்ப வேணும். அஞ்சு நாளுதான் கண்ணு. வந்துடுவேன்."

மீன் குழம்பும் ஐந்து டப்பாவில் வைத்து உறைய வைத்திருந்தார். ஐந்து நாளுக்கு ஐந்து டப்பா. கணக்கு சரிதான். ஆனால் வியட்நாமில் இருந்த இயந்திரத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. அது ஓட மறுத்துவிட்டது. ஐந்து நாள் பதினைந்து நாளானது.

அதைக் கேட்ட அன்று, கடைசி டப்பாவைச் சோஃபியா முழுதாகச் சாப்பிடவில்லை. சின்னச் சட்டியில் ஊற்றிச் சூடு செய்து, இரண்டு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டாள். மீதியைச் சட்டியோடு குளிர்பெட்டியில் வைத்தாள். மறுநாளும் அப்படியே. குழம்பு தீர்ந்துவிட்டால் அந்த வீட்டில் அம்மா செய்தது எதுவும் மிச்சமிருக்காது.

வெள்ளை டிரம்மும் காலியானது. குழாய்த் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று, காசு போட்டால் வடிகட்டிய தண்ணீர் தரும் மெஷினில்தான் அம்மா கீழே போய்ப் பிடிப்பார். சோஃபியா பாட்டிலோடு இறங்கிப் போனாள். மெஷின் மேல் 'ரோசாக்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கெட்டுப்போய்விட்டதாம். பினாங்கில் கெட்டுப்போன எல்லாவற்றின் மேலும் அந்தத் தாள் இருக்கும்.

'கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே வேண்டும்' என்று யோசித்தாள். நீல டிரம்மிலிருந்து எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றினாள். அது இன்னும் நல்லது என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வருவார்.

"ஜாகா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"கான்ட்ராக்டர் வேலைக்கு வந்தாரா?"

சோஃபியா போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவாள். அம்மா பார்த்துச் சிரிப்பார். பிறகு ஒரு பெரிய கொட்டாவி. "சரி கண்ணு, காலைல சீக்கிரம் போகணும்." அவ்வளவுதான். போனை வைத்த பிறகுதான் சோஃபியாவுக்குச் சொல்ல நிறைய விஷயம் ஞாபகம் வரும்.

பத்தாவது நாள் கான்ட்ராக்டர் வெளியே வரவில்லை.

பொந்து வாசலில் ஜாகா மட்டும் இருந்தார். இறால் உணவைப் போட்டும் பயனில்லை. மணல் அப்படியே கிடந்தது. 'அம்மா கூப்பிட்டதும் சொல்லிவிடலாம்' என்று இருந்தாள்.

அன்று அம்மா முதலில் அப்பாவோடு பேசினார். சோஃபியா குளியலறையில் இருப்பதாக இருவரும் நினைத்துக்கொண்டார்கள். அவளோ கதவருகே துண்டோடு நின்றிருந்தாள்.

"எங்க வேலையிடத்துல இர்வான் தொட்டிய கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார் அம்மா. "நான் வந்ததும் கொடுத்துடலாம்லா. நானும் வீட்ல இல்ல. பாவம், பிள்ள தலைல எதுக்கு இதையும் கட்டணும்?"

"சரி, நீ வா, பேசிக்கலாம்" என்றார் அப்பா.

தன் முறை வந்தபோது சோஃபியா போனை வேகமாகத் திருப்பி வேகமாக எடுத்துக்கொண்டாள்.

"கான்ட்ராக்டர் எங்க கண்ணு?"

"உள்ள வேலையா இருக்காரு."

அது பொய். ஆனால் உண்மையைச் சொன்னால் தொட்டி போய்விடும். தொட்டி போய்விட்டால் மதியம் இந்த வீட்டில் அசைகிற ஒரே பொருள் மேலே சுற்றும் காற்றாடி மட்டும்தான். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அதை நினைக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜாகா பொந்தைப் பார்த்தபடி இருந்தார். சோஃபியா ஜாகாவைப் பார்த்தபடி இருந்தாள். இருவருக்கும் அன்று ஒரே வேலைதான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லித் தொலைங்களேன்" என்று கேட்டாள். ஜாகா வாயைத் திறந்தார், மூடினார். அவர் எப்போதும் அதைத்தான் செய்வார்.

பசித்தது. குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடு செய்தாள். சோற்றில் ஊற்றி, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வாய் வைத்தாள்.

ஒரே உப்பு. நாக்கு சுருங்கியது.

'நான் உப்பே போடவில்லையே' என்று எழுந்து போய்ச் சட்டியைப் பார்த்தாள். குழம்பு முதல் நாள் நின்ற இடத்தில் உள்பக்கம் ஒரு கோடு காய்ந்திருந்தது. இப்போது குழம்பு அடியில் கொஞ்சமாக, கெட்டியாகக் கிடந்தது. அவள் எடுத்தது தினமும் இரண்டு கரண்டிதான். மற்றதெல்லாம் எங்கே போனது? ஒவ்வொரு முறை சூடு செய்தபோதும் ஆவியாகப் போனது. போனது தண்ணீர் மட்டும்தான். உப்பு போகவில்லை. அது சட்டியிலேயே உட்கார்ந்துவிட்டது.

சோஃபியா மெதுவாகத் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்திருந்தது. விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தினமும் போனது வெறும் தண்ணீர். தினமும் அவள் ஊற்றியது உப்புத் தண்ணீர். ஐந்து நாளாக அவள் அந்த இரண்டு பேரின் வீட்டில் உப்பை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அம்மாவின் அலமாரியில் உப்பு அளக்கும் சின்னப் பெட்டி இருந்தது. தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றினால் உள்ளே முள் ஏறி, பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டும். அன்று முள் பச்சையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். பிறகு ஐனா ஆன்ட்டியின் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, பக்கத்து புளோக்குல தண்ணி மெஷின் இருக்குமா? அது ரோசாக் இல்லாம?"

"இருக்கு. ஏன், குடிக்கவா?"

"எனக்கு இல்ல, கான்ட்ராக்டருக்கு."

ஐனா ஆன்ட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பெரிய பாட்டிலை அவர்தான் தூக்கினார்.

நல்ல தண்ணீர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடலாம் என்று சோஃபியாவின் கை பரபரத்தது. ஆனால் தொட்டியில் எதையும் அவசரமாகச் செய்யாதே என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதனால் தொட்டியிலிருந்து ஒரு ஜாடி தண்ணீர் எடுத்துக் கொட்டினாள். ஒரு ஜாடி நல்ல தண்ணீரை மெல்ல விட்டாள். சாயங்காலம் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று, காலை பள்ளிக்கு முன் ஒன்று. ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்த்தாள். முள் நத்தை வேகத்தில் இறங்கியது.

மூன்றாவது நாள் மதியம் முள் பச்சைக்குள் வந்து நின்றது. கான்ட்ராக்டரைக் காணோம். இரண்டரை ஆனது. சோஃபியா கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கணக்கும் போடாமல் இருந்தாள்.

அப்போது பொந்திலிருந்து ஒரு கை மணல் வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு மீசை. மீசை அங்குமிங்கும் தேடி, ஜாகாவின் முதுகில் போய் நின்றது.

"லீவ் லெட்டர் எங்க?" என்று சோஃபியா கேட்டாள்.

அன்று இரவு அவள் போனைத் தொட்டி முன் நிதானமாகப் பிடித்துக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று நிமிர்ந்தார்.

"சோஃபி, வெள்ளை டிரம்ல அஞ்சாறு நாளைக்குத்தானே தண்ணி வச்சேன். அப்புறம் என்ன ஊத்தின?"

சோஃபியா தொட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். நீல டிரம், மூன்று நாள் வராத கான்ட்ராக்டர், தான் சொன்ன பொய், பெட்டியின் முள், ஐனா ஆன்ட்டி தூக்கிய பாட்டில், எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா கண்களை அகல விரித்தார். "வெறும் தண்ணி ஊத்தணும்னு நான் சொல்லவே இல்லையே. என் தப்புலா அது. உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மீன் குழம்புலேர்ந்து. சூடு பண்ணப் பண்ண உப்பாயிடுச்சு."

"எந்தக் குழம்பு? நான் வச்சதா? அது எப்பவோ தீர்ந்திருக்கணுமே. அப்பா ஒண்ணும் வாங்கித் தரலையா?"

"தர்றாரு. இது நீங்க வச்சது. அதான் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டேன்."

படம் நின்றுவிட்டதோ என்று சோஃபியா போனைத் தட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டிய இர்வான் அங்கிளுக்குக் கொடுத்துடுவீங்களா?"

"கேட்டுட்டியா அத? உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் கண்ணு."

"கஷ்டம் இல்ல." சோஃபியா கீழே பார்த்தாள். நினைக்கப் பிடிக்காத அந்த ஒன்றை இப்போது சொல்லிவிட்டாள். "அது போயிடுச்சின்னா, நீங்க போன்ல என்கிட்ட என்ன கேப்பீங்க?"

அருகில் துணி மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

"இர்வான்கிட்ட இல்லன்னு சொல்லிடறேன்" என்றார் அம்மா. "நாளைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடுவ?"

"ரெண்டு மணிக்கு. ஏன்?"

"சும்மாதான்."

மறுநாள் இரண்டு மணிக்கு, அவசரத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் போன் அடித்தது. பகலில் அது அடிப்பதே இல்லை. சோஃபியா ஓடிப்போய் எடுத்தாள். ஏதோ ஒரு கேன்டீன். ஒரே சத்தம். நடுவில் அம்மா, நெற்றியில் தொழிற்சாலைத் தொப்பி அழுத்திய தடத்தோடு, முன்னால் ஒரு தட்டோடு இருந்தார்.

"இங்க மணி ஒண்ணு, எங்களுக்கு இப்பதான் சாப்பாட்டு நேரம்" என்றார். "இவ்வளவு நாளா யோசிக்கவே இல்ல பாரு."

"இருங்க, கான்ட்ராக்டரைக் காட்டறேன்."

"அவரு இருக்கட்டும். உன் தட்டுல என்ன?"

"சோறு, முட்டை, அப்பா வச்ச சாம்பார். சாம்பார் ரொம்பத் தண்ணி."

"அப்பா அப்படித்தான். ஸ்கூல்ல என்ன நடந்தது? மொதல்லேர்ந்து சொல்லு."

சோஃபியா போனைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து நிறுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அம்மா முதல் வாய் எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு தானும் சாப்பிட ஆரம்பித்தாள்.