நீலக் குமிழ் மட்டும் அசையவில்லை

ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வியாகுலத்தின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்த இசபெல்லா, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவள் வாயைத் திறப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"திருடின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன் அண்ணா. காசு வாங்கிக்கிட்டு வேணும்னே கெடுக்கறேன்னு சொல்றாருங்க எங்க மொதலாளி."

வியாகுலம் கழுவிக்கொண்டிருந்த படங்களைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். முன்பு போலீசுக்குப் படம் பிடித்தவர். வேலையை விட்டு பாலக்கோட்டில் ஸ்டூடியோ வைத்த பிறகும், விடை தெரியாத விஷயங்கள் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தன. அப்படி ஒன்று வந்துவிட்டால் அவர் மனைவி பாக்கியமேரிக்கு அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. இப்போதும் அவள் கரண்டியோடு வந்து கதவருகே நின்றாள்.

"அழாம ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா," என்றார் வியாகுலம்.

மாரண்டஹள்ளி சாலையில் மாரப்பனின் பட்டுச் சால்வைக் கூடம் இருந்தது. அங்கே போன வருஷம், எண்பத்தெட்டில், பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கலர் மானிட்டரோடு இறக்கினார்கள். சால்வையின் கோலத்தைத் திரையில் வரைந்து, கலர் போட்டுக் காட்டுவது இசபெல்லாவின் வேலை. வாங்க வருகிறவர்கள் திரையைப் பார்த்துத்தான் கலரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் திரையில் தெரியும் சிவப்பும் கையிலிருக்கும் நூலின் சிவப்பும் ஒன்றாக இருக்கவேண்டும்.

"மானிட்டருக்குப் பின்னால சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சின்னக் குமிழ் இருக்குதுங்க. காலையில போட்டதும் அரை மணி நேரம் சூடாக விட்டுடுவேன். அப்புறம் நூல்கண்டுகளைத் திரைக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்து, ஒத்துப்போற வரைக்கும் குமிழைத் திருப்புவேன். மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து பார்த்தா தக்காளிச் சிவப்பு செம்மண்ணாட்டம் கெடக்குது. இலைப்பச்சை காய்ஞ்ச சருகு மாதிரி ஆகிடுது. ரெண்டு ஆர்டர் திரும்பி வந்துடுச்சுங்க. 'நாங்க பார்த்த கலர் இதில்ல'ன்னு சொல்லிட்டாங்க."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது தப்பு வந்திருக்குதா?"

"மொதல்ல ஒரு தடவை. அது என் தப்புதாங்க. சூடாகறதுக்கு முன்னாடியே திருப்பி வெச்சுட்டேன். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால மொதலாளி போட்ட சத்தத்துல, வூட்டுக்குப் போயி ராத்திரி முழுக்க அழுதேன். அப்புறம்தான் இந்தக் கூத்து ஆரம்பிச்சுது."

"காந்தம்!" என்றாள் பாக்கியமேரி, கரண்டியை ஆட்டியபடி. "ஏங்க, ரேடியோ ஸ்பீக்கரைப் பக்கத்துல வெச்சா டிவியில கலர் ஓடிப்போகுமே, அதேதான்!"

"காந்தம்னா ஒரு மூலைதான் கறைபடியும் மேரி. இங்க திரை முழுக்க ஒரே மாதிரி மாறுது. யாரோ குமிழைத் தொடறாங்க." அவர் இசபெல்லாவிடம் திரும்பினார். "நாளைக்கு சரிபண்ணினதும், மூணு குமிழ்லயும், அதை ஒட்டின மானிட்டர் உடம்புலயும் சேர்ந்தாப்புல ஒரு பென்சில் கோடு போட்டு வை. நாங்க மத்தியானம் வர்றோம்."

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது கூடத்தில் சாப்பாட்டு நேரம் முடியப்போகிற வேளை. வாசலில் இசபெல்லாவின் கணவன் சவரி தக்காளிக் கூடையின் முன் குந்தியிருந்தான். கூடத்தின் மின்சார வேலையும் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு. ஒவ்வொரு தக்காளியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் பைக்குள் போட்டான். "வாங்கண்ணா, வாங்கண்ணி," என்று பரபரப்பாக எழுந்தவன், அவர்களை ஜெனரேட்டர் கொட்டகை வழியாக உள்ளே அழைத்துப் போனான். சுவிட்ச் போர்டில் சில ஒயர்களில் மட்டும் நூல் முடிச்சுகள் இருந்ததைப் பாக்கியமேரி கவனித்தாள். மனிதன் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஒரே கதவு. சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்த இசபெல்லா மானிட்டரின் பின்பக்கம் குனிந்தாள். "பாருங்கண்ணா! சிவப்புல கோடு தள்ளிப்போயிருக்குது. பச்சையிலயும்தான்."

"நீலம்?"

"நீலம் போட்ட இடத்துலயே இருக்குதுங்க."

வியாகுலம் தலையை ஆட்டிக்கொண்டார். கட்டம் கட்டமாகத் தடுத்த மரப்பெட்டியில் நூல்கண்டுகள் இருந்தன. பச்சைக்கான கட்டத்தில் காவி நூலும், காவிக்கான கட்டத்தில் பச்சை நூலும் கிடந்தன.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"பெருக்க வர்ற பாஞ்சாலியக்கா மாத்தி வெச்சுடுவாங்க போல. நான் தினமும் எடுத்து அடுக்கறேன்."

அதற்குள் மாரப்பன் வந்துவிட்டார். கெட்டவரில்லை, ஆனால் கடனை நினைத்தால் குரல் உயரும் மனிதர். பாஞ்சாலியின் பெயர் காதில் விழுந்ததும் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சவரியும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றான்.

"கம்ப்யூட்டர் பொட்டியில கை வெச்சது நீதானா? எவன் குடுத்தான் உனக்குக் காசு? உண்மையைச் சொல்லலேன்னா போலீசுக்குப் போவேன்!"

பாஞ்சாலி துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்கம்மா சத்தியமா நான் அந்தப் பொட்டிகிட்டயே போகலீங்க..."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் வியாகுலம் அமைதியாக. "இங்க கெடுக்கணும்னு யாரும் வரல. கெடுக்க வந்தவன் குமிழைக் கன்னாபின்னான்னு திருகிட்டுப் போயிருப்பான். நூலை எடுத்துத் திரைகிட்ட வெச்சு ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டான். இங்க நூல் வெளிய வந்து, இடம் மாறித் திரும்பப் போயிருக்குது. வந்தவரு கலரைச் சரிபண்ணத்தான் வந்திருக்காரு."

"சரிபண்ண வந்தா எப்படிங்க கெடும்?"

வியாகுலம் பதில் சொல்வதற்குள் சவரி முன்னால் வந்தான்.

"பாஞ்சாலியக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க மொதலாளி. நான்தான் திருப்பினேன்."

இசபெல்லா அவனையே பார்த்தாள். "நீங்களா?"

"அன்னைக்கு நீ அழுதியே. அதுக்கப்புறம் தினமும் சோத்து நேரத்துல வந்து பார்ப்பேன். எப்பப் பார்த்தாலும் நூலுக்கும் திரைக்கும் கொஞ்சம் ஒத்துவராத மாதிரியே இருக்கும். மறுபடியும் உனக்குத் திட்டு விழுமேன்னு சரிபண்ணி வெச்சுட்டுப் போவேன். நெசமாத்தான் சொல்றேன், நல்லாப் பார்த்துதான் வெச்சேன்."

"பொய்!" என்று மாரப்பன் ஆரம்பித்தார்.

"உண்மைங்க," என்றார் வியாகுலம். "அவர் கண்ணுக்கு அது சரியாத்தான் தெரிஞ்சுது." சவரியின் தோளில் கை வைத்தார். "தம்பி, தக்காளி வாங்கும்போது ஏன் அழுத்திப் பார்க்கறே?"

"பழமா காயான்னு தெரியணுமில்லீங்க?"

"நாங்கெல்லாம் தள்ளி நின்னே சொல்லிடுவோம். உன் ஒயர்ல எதுக்கு முடிச்சு?"

சவரி தயங்கினான். "ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாட்டிடக்கூடாதுன்னுதாங்க. எல்லாரும் அப்படி ஏதாவது அடையாளம் வெச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

"உனக்கு நீலம் நல்லாத் தெரியுது. அதனாலதான் அந்தக் குமிழை நீ தொடவே இல்ல. சிவப்பும் பச்சையும் எங்களுக்குத் தெரியற மாதிரி உனக்குத் தெரியறதில்ல. காவி நூலையும் பச்சை நூலையும் மாத்தி வெச்சதும் அதனாலதான். பொறவியிலயே வர்றது, நோவு இல்ல. நிறைய பேருக்கு இருக்குது. யாரும் கேட்காததால அவங்களுக்கே தெரியாமப் போயிடுது."

சவரி பெட்டியிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தான். பாக்கியமேரிக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சற்றுமுன் முடிச்சுகளைப் பார்த்து மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்து, இப்போது அதையே மறுபடியும் மெச்சத் தோன்றியது. இத்தனை வருஷம் கண்ணை நம்பாமல் விரலை நம்பி, ஒரு தப்பும் வராமல் இந்தக் கூடத்துக்கே வெளிச்சம் கொடுத்திருக்கிறான்.

"ரெண்டு ஆர்டர் என்னாலதானா போச்சு?" என்றான் சவரி.

மாரப்பன் மானிட்டரின் பின்னால் குனிந்து பென்சில் கோடுகளைப் பார்த்தார். பிறகு வியாகுலத்திடம் தணிந்த குரலில் கேட்டார். "அன்னைக்கு நான் அப்படிக் கத்தாம இருந்திருந்தா, இவன் அந்தக் குமிழைத் தொட்டிருக்கவே மாட்டான், இல்லீங்களா?"

"மாட்டாருங்க."

மாரப்பன் பாஞ்சாலியைப் பார்த்து, "போ ஆத்தா, தப்பா நெனைக்காத," என்றார். சவரியிடம், "ஜெனரேட்டரைப் பாரு. அதுல உன்னை விட்டா எனக்கு ஆளில்ல," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

இசபெல்லா கணவன் கையிலிருந்த நூல்கண்டுகளை வாங்கினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்," என்றாள். அதற்குமேல் கோபத்தைப் பிடித்துவைக்க அவளால் முடியவில்லை. முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

ஆர்டரைத் திருப்பி அனுப்பிய பெங்களூர்க்காரர்கள் அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். சால்வைகளைப் படம் பிடிக்க வியாகுலத்தையும் அழைத்திருந்தார் மாரப்பன். பாக்கியமேரியும் கூட வந்திருந்தாள். வந்தவர்கள் நெய்த துண்டைத் திரையோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்து, மாரப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இசபெல்லா அங்கே நிற்கவில்லை. கரண்ட் போயிருந்ததால் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்த கொட்டகைக்கு ஓடினாள்.

"சரியா இருக்குதாம்!" என்று கத்தினாள்.

சவரி காதருகே கையைக் குவித்தான். அவள் இன்னும் கிட்டே போய், "கலர் சரியா இருக்குதாம்!" என்றாள். அவன் தலையை அசைத்து, கேட்கவில்லை என்று மறுபடி சைகை காட்டினான். அவள் அவன் தோளைப் பிடித்து, காதில் வாயை வைத்து மூன்றாம் முறை சொன்னாள்.

கொட்டகை வாசலில் நின்ற பாக்கியமேரிக்குத் தெரியும், அவனுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டதென்று. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வியாகுலம் தேவைப்படவில்லை.