சுவரில் முட்டும் சிவப்புக் கார்

திரையில் இருந்த சிவப்புக் கார் மறுபடியும் இடது பக்கமாக ஓடிச் சுவரில் முட்டியது.

"நான் எதையுமே தொடலீங்க மிஸ்," என்றான் ஹர்ஷா.

சிங்காநல்லூரில் ஹர்ஷா படிக்கும் பள்ளியின் கணினி அறையில்தான் கணினிக் கார் பந்தயப் போட்டி. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த அணி எதிரே தயாராக இருந்தது. ஹர்ஷாவின் வலது கையில் இரண்டு விரல்கள் பிறந்ததிலிருந்தே மடங்காது. கீபோர்டை வேகமாகத் தட்ட அவனுக்கு வராது. ஆனால் அவன் மாமா வீட்டுப் பரணில் கிடந்த பழைய கேம் கன்ட்ரோலரைக் கொடுத்தால் போதும், கட்டைவிரலால் குமிழை அசைத்தே காரைப் பறக்க விடுவான்.

அந்தக் காலத்துப் பிளக் இந்தக் காலத்துக் கணினியில் நுழையுமா? நுழையாது. ஹர்ஷாவின் தோழி இல்மாதான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு அடாப்டரைப் பிடித்தாள். மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தாள். நேற்று அவள் தனியாகச் சோதித்தபோது கார் சொன்ன பேச்சைக் கேட்டது. இன்று மட்டும் அதற்கு என்ன கேடு?

பூஜிதா மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அடிக்கறதுக்குள்ள சரியாகலைன்னா தாரிக் ஆடட்டும் கண்ணு. வந்தவங்களைக் காக்க வெக்க முடியாது."

மாற்று ஆட்டக்காரனான தாரிக் தயங்கித் தயங்கி நாற்காலியை இழுத்துப் போட்டான். இல்மா வயரைப் பிடுங்கி மீண்டும் சொருகினாள். கார் மீண்டும் முட்டியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஹர்ஷாவின் கண்கள் கலங்கின. இன்று எழுந்து போனால் இவன் இனி எந்தப் போட்டிக்கும் வரமாட்டான் என்று இல்மாவுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது முறை சொருகும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. ஹர்ஷாவைப் பார்த்தாள். அவன் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தான். பரீட்சைத் தாளானாலும் கிரிக்கெட் மட்டையானாலும் அவனுக்கு முதலில் கும்பிடுதான். குமிழ் அவன் நெற்றியில் அழுந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இல்மாவுக்குப் புரிந்துவிட்டது. சொருகும் நேரத்தில் குமிழ் எங்கே நிற்கிறதோ, அதுதான் நடு என்று இந்தப் பழைய கன்ட்ரோலர் நினைத்துக்கொள்கிறது.

ஆனால் அத்தனை பேர் முன்னால், உன் கும்பிடால்தான் இந்தக் கோளாறே வந்தது என்று எப்படிச் சொல்வது? அவள் வயரைப் பிடுங்கிவிட்டு அவன் காதருகே குனிந்தாள்.

"நீ நல்லாக் கும்பிட்டுக்க ஹர்ஷா. முடிச்சுட்டு இதை மேசை மேல வெச்சுப்போடு. அப்புறம் நான் சொருகறேன்."

அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். கன்ட்ரோலரை மெல்ல மேசையில் வைத்தான். இல்மா வயரைச் சொருகினாள்.

கார் அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. அதே நேரம் மணி அடித்தது.

"ஹர்ஷாவே ஆடட்டுங்க மிஸ்," என்று தாரிக் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வழிவிட்டான். அவனுக்கும் அப்பாடா என்றிருந்தது.

முதல் சுற்றில் சிவப்புக் கார்தான் ஜெயித்தது. எதிரணிப் பையன் ஹர்ஷாவையே உற்றுப் பார்த்தான். அடுத்த சுற்று தொடங்கும்போது அவனும் தன் கீபோர்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏழெட்டு விசைகள் ஒன்றாக அமுங்க, அவன் கார் பின்பக்கமாகப் பாய்ந்து சுவரில் முட்டியது.

எல்லோரும் சிரிக்க, இல்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போதுதான் புரிந்த ஹர்ஷா மட்டும் எழுந்து அவனிடம் போனான்.

"எனக்கும் இப்படித்தானுங்க ஆச்சு," என்றான். "முதல்ல வயரைப் பிடுங்கிப்போட்டுக் கும்பிடுங்க."